வெயிலில் நிற்கும் கார்

நேயர்களுக்கு வணக்கம். மின்சாரக் கார் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். வெயில் கடுமையான ஊர்களில் இருப்பவர்கள் அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்க வேண்டும் என்பேன். ஓடாமல் நிற்கும் நேரத்தில் அந்தக் காரின் பேட்டரி எவ்வளவு சூட்டில், எவ்வளவு சார்ஜுடன் இருக்கிறது? ஓட்டினால் மட்டும் பேட்டரி தேய்வதில்லை. சும்மா நிற்கும்போதும் அதற்கு வயதாகிறது.

இந்த பேட்டரி, லித்தியம் அயனி செல்கள் எனப்படும் சிறு மின்கலங்கள் பலவற்றால் ஆனது. அத்தகைய செல்லின் உள்ளே, கிராஃபைட் என்ற கரிப்பொருளால் ஆன எதிர்மின் முனையின் மேல் முதல் சில சார்ஜ்களிலேயே மெல்லிய படலம் ஒன்று படிகிறது. செல்லுக்குள் லித்தியம் அயனிகளைக் கடத்தும் எலக்ட்ரோலைட் திரவம் கிராஃபைட்டோடு ஓயாமல் வினைபுரிந்து வீணாகாமல் காப்பது அதுதான் என்பதால், படலம் தேவையானதே. ஆனால் அது அத்துடன் நின்றுவிடாமல் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகிறது. தடிக்கத் தடிக்க லித்தியத்தை விழுங்குகிறது. விழுங்கப்பட்ட லித்தியம் மீண்டும் மின்சாரம் சுமக்க வருவதில்லை. சூடு 10 பாகை செல்சியஸ் கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் வழங்கும் தோராயக் கணக்கு. செல் முழு சார்ஜில் இருந்தால் பாதிப்பு இன்னும் கூடும்.

இதற்குக் கண்கூடான சான்று உண்டு. 2010 இறுதியில் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவச் சுற்றோட்டம் கிடையாது. 2012 கோடையில், அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில், காரின் திரையில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் சில மறைந்துபோனதைப் பல உரிமையாளர்கள் கண்டார்கள். முதல் கோடு மறைந்தாலே ஏறத்தாழ 15 விழுக்காடு கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். நிறுவனம் பின்னர் கொள்ளளவுக்கும் உத்தரவாதம் அளித்தது. சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் செல்களையும் கொண்டுவந்தது.

இன்று பெரும்பாலான கார்களில் பேட்டரியைச் சுற்றிக் குளிர்திரவம் ஓடுகிறது. சார்ஜரில் மாட்டி, பூட்டிவிட்டு நகர்ந்த பிறகும் காரின் முன்பக்கத்தில் விசிறி இரைவதைக் கேட்டு, ஏதோ பழுது என்று பதறுவோர் உண்டு. பேட்டரியின் சூட்டைத் தணிக்கும் வேலைதான் அது. ஆனால் இணைப்பைக் கழற்றி வெயிலில் நிறுத்திய காரில் அந்தப் பாதுகாப்பைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

லித்தியம் அயனி செல்களில் ஒரு வகையான இரும்பு பாஸ்பேட் செல்கள் சூட்டுக்கு அஞ்சாதவை என்ற பேச்சும் உலவுகிறது. அவை எளிதில் தீப்பற்றுவதில்லை, மிகுதியான சார்ஜ் சுழற்சிகளைத் தாங்குகின்றன என்பது உண்மை. ஆயினும் அவற்றிலும் இருப்பது அதே கிராஃபைட் முனைதான், அதே படலம்தான்.

ஆகவே, நெடும்பயணம் இல்லாத நாள்களில் தயாரிப்பாளர் அன்றாடத்துக்குப் பரிந்துரைக்கும் அளவோடு, பல கார்களில் அது 80 விழுக்காடு, சார்ஜை நிறுத்திக்கொள்ளலாம். முழு சார்ஜ் தேவைப்பட்டால், புறப்படும் நேரத்தை ஒட்டி அது முடியும்படி நேரத்தை அமைக்கலாம். வாரக்கணக்கில் ஊரில் இல்லாதபோது, ஏறத்தாழ பாதி சார்ஜுடன் நிழலில் நிறுத்திவிட்டுச் செல்வது நல்லது. பலரும் மாலையில் மாட்டி, இரவிலேயே முழுமையாக நிரப்பி, மறுநாள் பிற்பகல்வரை வெயிலில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஓட்டாத காரிலும் கொள்ளளவு குறைவது இப்படித்தான்.