நோவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

வணக்கம் நேயர்களே. புற்றுநோய் என்றால் நோவு இருக்கத்தான் செய்யும், தாங்கத்தான் வேணும் என்று நம்மூரில் சொல்லிக்கொள்கிறோம். அது சரியில்லை. பெரும்பாலானவர்களின் நோவை வாயால் எடுக்கிற மருந்தாலேயே அடக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே வழி சொல்லிவிட்டது: பனடோல் போன்றவற்றில் தொடங்கி, போதாவிட்டால் படிப்படியாக, கடும் நோவை அடக்கும் மோர்பின் வரை.

இந்த மோர்பின் என்ற பெயரைக் கேட்டதும்தான் வீடு கலங்கிப்போகிறது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு அம்மா, வெற்றிலை பாக்கு புகையிலை போட்டுப் போட்டு வாயில் புற்று. படுத்தால் நோவு கூடும் என்று இரவு முழுக்கக் கதிரையிலேயே குந்தியிருப்பார். கிளினிக்கில் கொடுத்த மோர்பின் குளிசையோ அலுமாரிக்குள், மகளுடைய சேலைகளுக்கு அடியில் கிடந்தது. "இது கடைசி நேரத்து மருந்து மிஸ், இப்பவே குடுத்தா பிறகு ஒண்டும் கேக்காது, அம்மா அதுக்குப் பழகியும் போயிருவா" என்றாள் மகள். தாயைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த பிள்ளை, அவளை நான் குறை சொல்லமாட்டேன், ஊரே அப்படித்தானே பயப்படுகிறது. விறாந்தையில் இருந்து நெடுநேரம் கதைத்தேன். நோவுக்கென்று டொக்டர் அளந்து தருகிற மோர்பினுக்கு அடிமையாவது அரிது மகள், நோவு கூடினால் அளவையும் கூட்டலாம், பிந்திக்கு என்று மிச்சம்பிடிக்கத் தேவையில்லை என்றேன். அந்தக் கிழமையே அம்மா பாயில் சரிந்து படுத்தார், கஞ்சியும் குடித்தார்.

சாதாரண மோர்பின் ஏறக்குறைய நாலு மணித்தியாலம்தான் நிற்கும். அதனால் மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுங்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்து அல்ல. திரும்பவும் சொல்கிறேன், நோவு வரட்டும் பிறகு கொடுப்போம் என்று இருக்காதீர்கள்.

உலகில் வருடத்துக்குச் சுமார் 299 டன் அளவுக்கு மோர்பின் வகை நோவு மருந்துகள் விநியோகமாக, மிக வறிய நாடுகளுக்குக் கிடைப்பது 0.1 டன்தான் என்று லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017இல் எழுதியது. இது அநியாயம். ஆனாலும் வழி இல்லாமல் இல்லை: உகண்டாவில் பயிற்சி பெற்ற தாதியரே மோர்பின் எழுதிக் கொடுக்கிறார்கள், கேரளத்தில் ஊர்த் தொண்டர்கள் வீடுவீடாகப் போகிறார்கள். இதைப்பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

சரி, இதையாவது சொல்லிவிடுகிறேன். குமட்டலும் தூக்கமும் சில நாளில் குறையும், ஆனால் மலச்சிக்கல் தானாகப் போகாது. மோர்பின் வாங்கும்போதே மலம் இளக்கும் மருந்தையும் கேட்டு வாங்குங்கள். டொக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். வணக்கம்.