பலகை விற்கப் போனவர்

நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் குளிர்காலம் வந்தால் ஊருக்கு நடுவே ஓடும் கால்வாயே உறைந்துவிடும். ஜனங்கள் அதன் மேல் சறுக்கிக்கொண்டு போவார்கள். ஜெர்மனியிலிருந்து அந்த ஊருக்குக் குடிவந்த டோபி லுட்கே என்ற இளைஞருக்குப் பனிச்சறுக்குப் பலகை மேல் தனிப் பித்து. 2004-ஆம் ஆண்டு வாக்கில் ஸ்காட் லேக் என்ற நண்பரோடு சேர்ந்து இணையத்தில் பலகை விற்கும் கடை ஒன்று போட்டார். ஸ்னோடெவில் என்று பெயர்.

கடை என்றால் பொருளை அடுக்க வேண்டும், விலை போட வேண்டும், பணம் வாங்க வேண்டும். இதற்கென்று அன்றைக்குக் கிடைத்த மென்பொருள் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. நிரல் எழுதத் தெரிந்த கை சும்மா இருக்குமா? தானே எழுத உட்கார்ந்துவிட்டார். கடையும் நடந்தது. ஆனால் பலகையைவிட, பலகையை விற்க எழுதிய மென்பொருளுக்குத்தான் ஆள் அதிகம் என்று போகப்போகப் புரிந்தது. 2006-இல் அதையே ஷாப்பிஃபை என்ற பெயரில் மற்ற கடைக்காரர்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2015-இல் அது பங்குச்சந்தைக்கே போய்விட்டது.

லுட்கே அதை எழுதியது, இணையச் செயலிகள் எழுத உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கருவியில். அப்போதுதான் வெளியான புதுச் சரக்கு அது. அது பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். சிகாகோவில் தேர்ட்டி செவன் சிக்னல்ஸ் என்று இணையதளம் வடிவமைத்துத் தரும் சின்ன நிறுவனம். எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லி மாளவில்லை. எல்லாம் மின்னஞ்சலில் சிதறிக் கிடந்தது. அதை ஒழுங்குபடுத்தத் தங்களுக்கென்று ஒன்று செய்துகொண்டார்கள். எழுதியவர் டென்மார்க்கிலிருந்த டேவிட் ஹெய்ன்மயர் ஹான்சன். அது 2004-இல் பேஸ்கேம்ப் என்று விற்பனைக்கு வந்தது. அதன் அடித்தளத்தை மட்டும் உருவியெடுத்து அவர் இலவசமாகக் கொடுத்ததுதான் ரெயில்ஸ். ஒருவர் வீட்டு அடுப்புக்கு வெட்டிய விறகு அடுத்தவர் உலைக்கும் ஆயிற்று.

அலுவலகங்களில் கூட வேலை செய்பவர்கள் பேசிக்கொள்ளும் ஸ்லாக் செயலியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டின் குழு கிளிட்ச் என்ற இணைய விளையாட்டைச் செய்தது. 2011-இல் வந்தது, 2012 முடிவதற்குள் மூடினார்கள். வேலை நடக்கும்போது தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்த கருவி மட்டும் மிஞ்சியது. அதுதான் ஸ்லாக். 2021-இல் அதைச் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் சுமார் 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. முன்பு புகைப்படம் பகிரும் ஃபிளிக்கர் தளம் வந்ததும் இதே மனிதர் செய்யப்போன வேறொரு விளையாட்டிலிருந்துதான். பாவம், விளையாட்டு மட்டும் அவருக்குக் கைகூடவே இல்லை.

சரி, இதைக் கேட்டுவிட்டு ‘என் பிரச்சினைக்கு நானே தீர்வு எழுதினால் கோடீஸ்வரன்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஜெயித்தவர்கள் கதைதான் நம் காதுக்கு வந்து சேர்கிறது. நிரலாளருக்கு நிரல் எழுதுவதைத் தவிர வேறு உலகம் இல்லையென்றால், அவர் பிரச்சினையும் மற்ற எல்லா நிரலாளருக்கும் இருக்கிற பிரச்சினையாகத்தான் இருக்கும். அதனால்தான் செய்ய வேண்டிய வேலைகளைக் குறித்துவைக்கும் செயலி இத்தனை கிடக்கிறது. சொந்த ஆர்வத்தில் ஓய்வு நேரத்தில் செய்யும் சைடு புராஜெக்டின் லாபமே அது நம்மை வேறொரு வாசலில் கொண்டுபோய் விடுவதுதான் என்பேன். லுட்கேவுக்கு அந்தக் குறை கண்ணில் பட்டது, கல்லாவில் உட்கார்ந்து பலகை விற்றதால்.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சிற்றிதழ்க் கதைகளைச் சேர்த்து ஒரு தளம் நடத்தினேன். வந்த கோப்புகளில் பாதி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்கள். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு கணக்கு. அப்புறம் கொம்பு வேறு. பழைய முறையில் கொம்பு முதலில், எழுத்து பின்னால். யூனிகோடில் அதற்கு நேர்மாறு. அதையெல்லாம் மாற்ற ஒரு நிரல் எழுதினேன். இலவச மாற்றிகள் முன்பே இருந்தன. என்னுடையது ஒரு கோப்புக்குள் இரண்டு மூன்று எழுத்துரு கலந்திருந்தாலும் பிரித்துக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கதைகளைப் படிக்க வந்தவர்கள் கொஞ்சம்தான். ஆனால் ஒருநாள் ஓர் அச்சக உரிமையாளர் போன் செய்தார். இருபது வருடப் புத்தகங்கள் பழைய எழுத்துருவில் தூங்குகின்றன, மறுபதிப்பு போட வேண்டும் என்றார்.

“தம்பி, பக்கத்துக்கு எவ்வளவு வாங்குவீங்க?”

“காசெல்லாம் எதுக்குண்ணே, சும்மாவே செஞ்சு தரேன்” என்றேன். பெருந்தன்மை என்று நினைப்பு.

அவர் அப்புறம் கூப்பிடவே இல்லை. பிறகு ஒரு புத்தகக் கண்காட்சியில் பார்த்தபோது விசாரித்தேன். பணம் வாங்கும் ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டாராம். “சும்மா செஞ்சு தரவர்கிட்ட, ஒரு பக்கம் தப்பா வந்தா எந்த முகத்தோட போய்க் கேக்கறது தம்பி?” என்றார்.