பூனைக்குட்டிக்கு முதலில் ஓர் அறை போதும்

வணக்கம் நேயர்களே. வீட்டுக்கு முதன்முதலாக ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவரப் போகிறவர்களுக்காக இன்று பேசுகிறேன். குட்டி வந்த பிறகு என்ன செய்வது என்பதைவிட, அது வருவதற்கு முந்தின வாரம் என்னென்ன செய்து வைப்பது என்பதே இன்றைய பேச்சில் அதிகம் இருக்கும். கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொண்டு வெளியே வர மறுப்பது, போர்வையில் சிறுநீர் கழிப்பது, வயிற்றுப்போக்கு என்று முதல் வாரத்தில் வருகிற தொல்லைகளுக்குக் குட்டியின் குணத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. இடம், வாசனை, சாப்பாடு, கழிவுக்கான மணல், ஆட்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுகிறோம். ஒரு கிலோகூட எடையில்லாத உயிர் அதற்கு எப்படி ஈடுகொடுக்கும்?

வயதிலிருந்து தொடங்குவோம். சின்னதாக எடுத்து வந்தால்தான் ஒட்டிக்கொள்ளும் என்று பலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். 8 வாரம் முடியும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 12 வாரம் வரை விட்டுவைத்தால் இன்னும் நல்லது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும், விளையாடும்போது நகத்தை எப்படி உள்ளே இழுத்துக்கொள்வது என்பதையெல்லாம் குட்டி கூடப்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டுதான் கற்கிறது. மனிதர்களிடம் பயமில்லாமல் பழகும் பருவமும் ஏறக்குறைய 2 முதல் 7 வாரத்துக்குள் வந்து போய்விடுகிறது. அதனால் குட்டியைக் கொடுப்பவரிடம் நிறத்தைப் பற்றிக் கேட்பதைவிட, இவற்றைத் தினமும் யாராவது தூக்கிக் கொஞ்சினார்களா என்று கேளுங்கள். 8 வாரக் குட்டி ஏறத்தாழ 900 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும். பால் பற்கள் 26-ம் முளைத்திருக்கும். கண் நீலமாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு மிகச் சின்னக் குட்டியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். எல்லாக் குட்டிகளுக்கும் ஆரம்பத்தில் கண் நீலம்தான். ஆறேழு வாரத்தில் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

அங்கிருந்து கிளம்பும்போது நான்கு விஷயங்களை வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது சாப்பிடும் உணவின் பெயரும் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவும். குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டன என்ற குறிப்பு. தாய் படுத்திருந்த துணியில் ஒரு துண்டு. கடைசியாக, அது பயன்படுத்திய மணலில் ஒரு பிடி. இந்தப் பிடி மண்ணைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இப்போது அறை. குட்டிக்கு முதல் வாரம் முழு வீட்டையும் திறந்துவிடக் கூடாது. கதவு நன்றாகச் சாத்தக்கூடிய ஒரு சிறிய அறை போதும். ஆட்கள் அதிகம் நடமாடாத, சலவை இயந்திரம் போன்ற இரைச்சல் இல்லாத அறையாக இருக்கட்டும். தயார் செய்யும்போது நின்றபடி பார்த்தால் பாதிதான் தெரியும். தரையில் முழங்காலிட்டு, குட்டியின் கண் உயரத்திலிருந்து பாருங்கள். தலை நுழைகிற இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும். அலமாரிக்குப் பின்னால், கட்டிலின் அடிப்பலகையில், குளிர்பெட்டிக்குப் பின்புறம் இருக்கிற சந்துகளை அட்டையும் பலகையும் வைத்து அடைத்துவிடுங்கள். ஒளிந்துகொள்ளவே இடமில்லாமல் செய்துவிடவும் கூடாது. ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் வாசல் வெட்டிக் கொடுங்கள். ஒரே வாசல் என்றால் மாட்டிக்கொண்டோமோ என்ற பயம் போகாது. நீங்கள் கொடுத்த இடத்தில் ஒளிந்தால், வேண்டியபோது அதை எளிதாக எடுக்கவும் முடியும்.

ஜன்னல்களுக்கு உறுதியான கம்பி வலை வேண்டும். கொசுவலைத் துணி குட்டியின் நகத்துக்கு நிற்காது. பூனை எப்படி விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும் என்ற தைரியத்தில் மாடி ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. நான்கு காலில் இறங்கினாலும் தாடையும் மார்பும் அடிபடும். திரைச்சீலையில் தொங்கும் கயிற்று வளையங்களைக் கட்டி மேலே தூக்கிவிடுங்கள். தண்ணீர் நிறைந்த வாளிக்கு மூடி வேண்டும், கழிப்பறைக் கோப்பைக்கும் அப்படியே. சலவை இயந்திரத்தைப் போடும் முன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பதை இன்றே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான துணிக்குவியல் பூனைக்கு மெத்தை.

நூல், கயிறு, ரப்பர் வளையம், பரிசுப்பொதி நாடா, ஊசியில் கோத்த நூல் ஆகியவற்றின் ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. பூனையின் நாக்கில் உள்ள சிறு முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்தே சாய்ந்திருக்கின்றன. நூல் ஒருமுறை உள்ளே போக ஆரம்பித்தால் துப்ப முடியாது, விழுங்கிக்கொண்டேதான் போகும். ஒரு முனை எங்காவது சிக்கிக்கொள்ள, குடல் அந்த நூலின் மேல் சுருக்குப்பைபோலச் சுருங்கி அறுபடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். அப்படியே விட்டு உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அடுத்தது விஷங்கள். நம் உடம்பு எளிதாகச் செரித்து வெளியேற்றுகிற சில பொருள்களைப் பூனையின் கல்லீரலால் உடைக்க முடியாது, அதற்கு வேண்டிய நொதி அதனிடம் மிகக் குறைவு. அதனால்தான் நாம் காய்ச்சலுக்குப் போடுகிற பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். குட்டிக்குச் சூடாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு யாரும் அதைக் கொடுத்துவிடக் கூடாது. பூனையின் இயல்பான வெப்பநிலையே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும். தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கிற ஃபீனால் வகைத் தரை மருந்துகளையும் இதே காரணத்துக்காக விலக்குங்கள். குட்டி அந்தத் தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், அது பூனைக்கு வலிப்பைக் கொண்டுவரும். லில்லிப் பூக்களை ஜாடியில் வைக்கவே வேண்டாம். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் பழுதாகிவிடும். அந்துருண்டை, எலி மருந்து, வெங்காயம், பூண்டு, சாக்லேட், திராட்சை எல்லாம் எட்டாத இடத்துக்குப் போகட்டும். எட்டாத இடம் என்றால் உயரமான தட்டு அல்ல, மூடிய கதவுக்குப் பின்னால். நான்கு மாதத்தில் குட்டி அலமாரியின் உச்சியில் உட்கார்ந்திருக்கும்.

மணல் தொட்டிக்கு வருவோம். லிட்டர் பாக்ஸ் என்று கேட்டு வாங்குவீர்கள். குட்டிக்கு மூடி போட்ட, கதவு வைத்த பெரிய பெட்டி வேண்டாம். ஏறி இறங்கும் பக்கம் 5 அல்லது 6 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. ஒரு தாழ்வான தட்டே போதும். வளர்ந்த பிறகு, மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பூனைக்கு இரண்டு தொட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. மணல் இரண்டு விரற்கடை ஆழம் இருக்கட்டும். வாசனை சேர்த்த மணல் நம் மூக்குக்காகச் செய்யப்பட்டது, பூனைக்குப் பிடிக்காது. நனைந்ததும் கட்டியாகிற வகையை நான்கு மாதம் ஆகும்வரை தவிர்ப்பது நல்லது. சின்னக் குட்டிகள் மணலை வாயில் போட்டுப் பார்க்கும், வயிற்றுக்குள் போனாலும் அது கட்டியாகும். மரத்தூள் குருணையோ காகிதக் குருணையோ வாங்குங்கள்.

கொண்டுவந்த பழைய மண்ணின் ஒரு பிடியைப் புது மணலின் மேல் தூவுங்கள். இதுதான் நம் இடம் என்று வாசனையே குட்டிக்குச் சொல்லிவிடும். சாப்பிட்டு முடித்ததும், தூங்கி எழுந்ததும் தொட்டியில் கொண்டுபோய் விடுங்கள். கையைப் பிடித்துத் தோண்டக் கற்பிக்க வேண்டாம், பயந்துபோகும். தொட்டி உணவிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் இருக்கட்டும். தொட்டிக்கு வெளியே கழித்துவிட்டால் மூக்கை அதில் வைத்து அழுத்துவதும் அடிப்பதும் குட்டிக்கு ஒரே ஒரு பாடத்தைத்தான் கற்றுத்தரும்: இந்த ஆளுக்குத் தெரியாமல் போக வேண்டும். அந்த இடத்தை நொதி கலந்த துப்புரவு நீரால் துடையுங்கள். அம்மோனியா கலந்தது வேண்டாம், அது சிறுநீர் வாசனையைப்போலவே இருந்து குட்டியைத் திரும்ப அழைக்கும். கழிவைத் தினமும் இருமுறை அள்ளிவிடுங்கள். டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கழிவில் இருந்தாலும் அது தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். தினமும் அள்ளுகிற வீட்டில் அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடட்டும்.

சாப்பாடு. முதல் ஒரு வாரம் பழைய உணவேதான். இதைவிட நல்ல உணவு உங்களிடம் இருக்கலாம், இருந்தாலும் பொறுங்கள். பிறகு கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் மாற்றி முடியுங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு நாளுக்கு நான்கு வேளை. நான்கு மாதத்துக்குப் பின் மூன்று, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு. குட்டிகளுக்கென்று தயாரித்த முழுமையான உணவாக இருக்க வேண்டும். நாய் உணவு ஆகாது. அதில் டாரின் என்ற அமினோ அமிலம் பூனைக்குப் போதாமல் போகலாம், அது குறைந்தால் பூனைக்குப் பார்வையும் இதயமும் கெடும்.

பூனை என்றாலே பால் என்று எல்லோருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. பூனை ஆசையாய்க் குடிக்கும் என்பது உண்மை. தாய்ப்பால் நின்ற பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கிற திறன் குட்டிக்குக் குறைந்துகொண்டே போகும் என்பதும் உண்மை. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிறு போகும். அந்த எடையில் ஒருநாள் வயிற்றுப்போக்கே உடம்பின் நீரை வற்றச் செய்துவிடும். தண்ணீர் கொடுங்கள். அகலமான, ஆழம் குறைந்த கிண்ணத்தில், உணவுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி. வாரம் ஒருநாள் சமையலறைத் தராசில் ஒரு டப்பாவை வைத்துக் குட்டியை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 100 கிராம் ஏற வேண்டும். ஏறாமல் நின்றாலே ஏதோ சரியில்லை. எட்டு வாரக் குட்டி 12 மணி நேரம் எதையும் தொடாமல் இருந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

அழைத்து வர உறுதியான பிளாஸ்டிக் கூடை, மேல்பக்கமும் திறக்கிற வகையாக இருந்தால் நல்லது. பயந்த குட்டியை முன்கதவு வழியே இழுத்து எடுப்பது இருவருக்கும் வேதனை. மடியில் வைத்துக்கொண்டு போகலாமே என்பார்கள். ஒரு ஹாரன் சத்தம் போதும், குட்டி ஓட்டுநரின் காலடியில் இருக்கும். கூடைக்குள் தாயின் வாசனைத் துணியை விரித்து, மேலே ஒரு மெல்லிய துண்டால் மூடுங்கள், காற்றுக்கு வழி விட்டு. வீட்டுக்கு வந்ததும் கூடையை அறையில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தூக்கி வெளியே எடுக்க வேண்டாம். அதுவே வரட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். குட்டியை உற்றுப் பார்க்காதீர்கள், அது உங்களைப் பார்த்தால் மெதுவாகக் கண்ணை மூடித் திறங்கள். அன்றைக்குக் குளிப்பாட்டுவதும் வேண்டாம், அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுவதும் வேண்டாம். கூடையைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். அறையிலேயே திறந்து கிடந்தால் அது படுக்கையாகிவிடும், மருத்துவரிடம் போகும் நாளில் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்காது.

அந்த மருத்துவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, குட்டி வந்த இரண்டு மூன்று நாளுக்குள் காட்டிவிடுங்கள். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போகும். ஏன் இத்தனை முறை? சீம்பால் வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அது தடுப்பூசியையும் சேர்த்தே முறியடித்துவிடும். எந்தக் குட்டிக்கு எந்த வாரத்தில் அது தீரும் என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால் கடைசி ஊசியைத் தவறவிட்டால் முன்பு போட்டதெல்லாம் வீணாகவும் வாய்ப்புண்டு. ரேபீஸ் ஊசி பொதுவாக 12 வாரத்துக்குப் பின். வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடுவதால் புழு மருந்து எல்லாக் குட்டிக்கும் வேண்டும். கருத்தடை பற்றியும் முதல் சந்திப்பிலேயே பேசிவிடுங்கள். பெண் குட்டி நான்கு மாதத்திலேயே சினையாகிவிடக் கூடும். அண்மையில் உங்கள் வீட்டில் வேறொரு பூனை பான்லூக்கோபீனியா என்ற தொற்றால் இறந்திருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியைக் கொண்டுவராதீர்கள். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஓராண்டு வரை உயிரோடிருக்கும்.

விளையாட்டில் ஒரே விதி. கை விளையாட்டுப் பொருள் அல்ல. ஒரு கிலோ குட்டி விரலைக் கடிப்பது வேடிக்கைதான், நான்கு கிலோ பூனை கடிப்பது வேடிக்கையல்ல. குச்சியில் கட்டிய இறகை ஆட்டுங்கள், முடிந்ததும் கயிறோடு பெட்டியில் பூட்டிவிடுங்கள். நகம் கீற ஒரு சணல் சுற்றிய கம்பம் வேண்டும். கம்பம் அசைந்தால் குட்டி மறுமுறை அதைத் தொடாது. அடிப்பலகை கனமாக இருக்கட்டும். இரவில் கத்தினால், படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டு, நாளின் கடைசி வேளை உணவைக் கொடுங்கள். சாப்பிட்ட பூனை தன்னைச் சுத்தம் செய்துகொண்டு தூங்கப் போகும்.

அறைக் கதவை எப்போது திறப்பது? குட்டி நன்றாகச் சாப்பிடுகிறது, தொட்டிக்குத் தவறாமல் போகிறது, நீங்கள் உள்ளே வந்ததும் வாலைத் தூக்கிக்கொண்டு எதிரே வருகிறது என்றால் திறக்கலாம். சிலவற்றுக்கு மூன்று நாள், சிலவற்றுக்கு பத்து நாள். வீடு அமைதியாக இருக்கிற நேரத்தில், முதலில் பக்கத்து அறை மட்டும், ஒரு மணி நேரம். மணல் தொட்டியைப் பழைய இடத்திலிருந்து அசைக்காதீர்கள். ஏதாவது சத்தம் கேட்டுப் பயந்தால் குட்டி தன் அட்டைப்பெட்டியைத் தேடி ஓடி வரும், அதற்காக அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். வணக்கம்.