வண்டின் மூக்கைப் பாருங்கள்: கூன்வண்டுகளை இனம் காண்பது எப்படி?

[காட்சி: முறத்தில் பரப்பிய அரிசி. ஓரத்தை நோக்கி நகரும் ஒரு சிறு வண்டு.]

வணக்கம். அரிசி புடைக்கும்போது முறத்தின் ஓரத்துக்கு ஓடுகிறதே இந்தக் கறுப்பு வண்டு, இதை நசுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். தலைக்கு முன்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒன்று நீண்டிருக்கிறது, தெரிகிறதா? பொதுவாக இப்படி மூக்கு நீண்ட வண்டுகளைத்தான் கூன்வண்டு என்கிறோம், ஆங்கிலத்தில் வீவில். அவைதான் இன்றைக்கு நம் பேச்சு.

பார்க்க மூக்கு போல இருந்தாலும் அதன் நுனியில் இருப்பது வாய். தாடைகளும் அங்கேதான். பெண் வண்டு அந்த வாயால் அரிசி மணியில் ஒரு குழி தோண்டும். திரும்பி நின்று குழிக்குள் ஒரு முட்டை இடும். பிசின் போன்ற ஒரு பொருளால் குழியை அடைத்துவிட்டுப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் மணி முழுசாகத்தான் இருக்கும். உள்ளே புழு தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். "நேற்று சுத்தமாக இருந்த அரிசியில் இன்று எங்கிருந்து வண்டு?" என்று கேட்காத வீடு இல்லை. அந்த மணிகளுக்குள்ளிருந்துதான்.

[காட்சி: பெரிதாக்கிய தலை. உணர்கொம்பு மடியும் இடத்தில் அம்புக்குறி.]

நீண்ட மூக்கோடு இன்னொரு அடையாளத்தையும் பாருங்கள். மூக்கின் பக்கவாட்டிலிருந்து கிளம்பும் உணர்கொம்பு நம் முழங்கை மாதிரி மடிந்திருக்கும். நுனி உருண்டு தடித்திருக்கும். மூக்கின் இருபுறமும் ஒரு பள்ளம் ஓடும். உணர்கொம்பின் முதல் கணு அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் படுத்துக்கொள்ளும். வண்டு துளை போடும்போது கொம்பு இடிபடாமல் இருக்க இந்த ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு இந்தப் பள்ளம்தான்.

இப்போது பக்கத்து டப்பாவைத் திறப்போம். தட்டைப்பயறில் வட்ட ஓட்டை போட்டு வரும் பயறு வண்டுக்கு மூக்கு கிடையாது, உடம்பும் குட்டை. ஆங்கிலத்தில் இதையும் வீவில் என்று சொல்வதுண்டு. ஆனால் இது இலை வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ரவையிலும் மாவிலும் ஓடும் செம்பழுப்பு மாவு வண்டும் கூன்வண்டு இல்லை. அதே சமயம், புளியங்கொட்டையைத் துளைக்கும் மெலிந்த வண்டு ஒன்று உண்டு. அது அரிசி வண்டின் நெருங்கிய உறவு, அதே சைட்டோபிலஸ் பேரினம்.

சரி, இந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது? கூன்வண்டுகளின் பெருங்குடும்பத்துக்குக் குர்குலியோனாய்டியா என்று பெயர். இதுவரை பெயர் வைத்தவை மட்டும் 60,000 சிற்றினங்கள் இருக்கும். உலகத்துப் பறவைகள் மொத்தமே சுமார் 11,000தான். இந்தப் பெருங்குடும்பத்துக்குள் பல குடும்பங்கள் இருக்கின்றன. இலையைச் சுருட்டி அதற்குள் முட்டையிடுபவை ஒரு குடும்பம். மடகாஸ்கரின் ஒட்டகச்சிவிங்கி வண்டு அதில் சேரும். சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் குடையும் வண்டு வேறு குடும்பம். எறும்பு போல ஒல்லியான வண்டு அது, அதன் உணர்கொம்பு மடியாமல் நேராக இருக்கும். முழங்கை மடிப்பு உள்ளவைதான் குர்குலியோனிடே, எல்லாவற்றிலும் பெரிய குடும்பம்.

ஆனால் மூக்கை மட்டும் நம்பினாலும் ஏமாந்துபோவோம். காபிப் பழத்தைத் துளைக்கும் காய்த்துளைப்பான் இருக்கிறதே, 1990இல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டது, அதற்கு மூக்கே தெரியாது. அதுவும் அதன் உறவான பட்டை வண்டுகளும் இன்று குர்குலியோனிடேவுக்குள்தான் வைக்கப்படுகின்றன. மரத்துக்குள் சுரங்கம் தோண்டி வாழும் பரம்பரைக்கு நீண்ட மூக்கு தேவைப்படாமல் போயிருக்கிறது.

[காட்சி: தென்னந்தோப்பு. உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் புழு.]

தென்னை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். எருக்குழியைக் கிளறினால் வரும் பருத்த வெள்ளைப் புழுவுக்கு ஆறு கால்கள் இருக்கும். அது காண்டாமிருக வண்டின் புழு. சாயும் தென்னையின் தண்டுக்குள் கால் இல்லாத புழு கிடைத்தால் அது சிவப்புக் கூன்வண்டு. முன்னது எருக்குழியில் வளர்ந்து, வண்டான பிறகு குருத்தைக் குடைய வரும். பின்னது மரத்துக்குள்ளேயே வளரும். இரண்டையும் குழப்பிக்கொண்டு எருக்குழிக்கு மட்டும் மருந்து போட்டால், மரம் உள்ளே காலியாகிக்கொண்டே இருக்கும். வளர்ந்த சிவப்புக் கூன்வண்டில் ஆணும் பெண்ணும் பிரிப்பது சுலபம். மூக்கின் மேல் தூரிகை மாதிரி முடி இருந்தால் ஆண், வழவழப்பாக இருந்தால் பெண்.

இதுவரை சொன்னதற்கு ஒரு கைலென்ஸ் போதும். அப்புறம் வருவதுதான் கடினம்.

அரிசி வண்டின் முதுகில் நான்கு செம்மஞ்சள் புள்ளிகள் இருக்கும். மக்காச்சோள வண்டின் முதுகிலும் அதே நான்கு. முன்னதற்கு லின்னேயஸ் 1763இல் பெயர் வைத்தார், பின்னதற்கு மோட்சுல்ஸ்கி 1855இல். இரண்டும் ஒன்றுதான், ஒன்று சற்றுப் பெரிய ரகம் என்றே நெடுங்காலம் பலர் நினைத்தார்கள். 1961இல் பூச்சியியலாளர் குஷெல் இந்தப் பெயர்க் குழப்பத்தை ஆராய்ந்து தெளிவாக்கினார். உணவை வைத்துப் பிரிக்கவும் முடியாது. அரிசி வண்டு மக்காச்சோளம் தின்னும், மக்காச்சோள வண்டு அரிசி தின்னும். உறுதியாகச் சொல்ல ஆண் வண்டை அறுத்து அதன் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மேற்புறத்தில் நீளவாக்கில் இரண்டு பள்ளங்கள் ஓடினால் மக்காச்சோள வண்டு, வழுவழுவென்று இருந்தால் அரிசி வண்டு. குளிர்நாட்டுக் களஞ்சிய வண்டு மட்டும் பரவாயில்லை. புள்ளியும் இருக்காது, பறக்கும் சிறகும் இருக்காது.

இத்தனை நுணுக்கம் தேவையா என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்காகவே இந்தக் கடைசிக் கதையை வைத்திருக்கிறேன்.

[காட்சி: பச்சைப் பாய் விரித்தது போல மூடிக் கிடக்கும் கால்வாய்.]

கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்று ஒரு நீர்க்களை உண்டு. சால்வினியா என்ற மிதக்கும் பெரணி. குட்டநாட்டில் வயலையும் கால்வாயையும் மூடி, வள்ளம் நகர முடியாமல் செய்தது. இலங்கை, ஆப்பிரிக்கா, பப்புவா நியூகினி என்று எல்லா இடத்திலும் இதே கதை. இது தென் அமெரிக்காவின் சால்வினியா ஆரிகுலாட்டா என்று நம்பி, அந்தச் செடியைத் தின்னும் பூச்சிகளை டிரினிடாட் பக்கம் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று சிர்டோபேகஸ் சிங்குலாரிஸ் என்ற குட்டிக் கூன்வண்டு. 1970களில் அதை ஆப்பிரிக்காவில் விட்டுப் பார்த்தார்கள். களை அசையவில்லை.

முதல் தவறு செடியில் இருந்தது. 1972இல் தாவரவியலாளர் மிட்செல் இது தனிச் சிற்றினம் என்று காட்டி சால்வினியா மொலஸ்டா என்று பெயரிட்டார். 1978இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதன் பிறப்பிடத்தைத் தென்கிழக்கு பிரேசிலில் கண்டுபிடித்தார்கள். அங்கேயும் செடியின் மேல் ஒரு சின்ன வண்டு, 2 மில்லிமீட்டர் இருக்கும். பார்த்தால் அதே சிங்குலாரிஸ். அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். 1980இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்து மூண்டாரா ஏரியில் அதை விட்டார்கள். சுமார் 200 ஹெக்டேர் பரப்பில் கிடந்த களை ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் ஏறக்குறைய இல்லாமல் போனது.

ஆப்பிரிக்காவில் தோற்ற அதே வண்டு இங்கே எப்படி ஜெயித்தது? திரும்ப நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் அது வேறு வண்டு என்று தெரிந்தது. 1985இல் கால்டரும் சாண்ட்ஸும் அதற்குச் சிர்டோபேகஸ் சால்வினியே என்று பெயர் வைத்தார்கள். இதன் வண்டுகள் மொட்டைத் தின்னும், புழுக்கள் தண்டுக்குள் புகுந்து குடையும். சிங்குலாரிஸ் பெரும்பாலும் இலையோடு நின்றுவிடும். இலை போனால் செடி மறுபடி துளிர்க்கும். மொட்டும் தண்டும் போனால் எழ வழியில்லை.

பப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றில் இந்தச் சரியான வண்டும் முதலில் திணறியது. செடியில் நைட்ரஜன் குறைவு என்று கண்டுபிடித்து, களைக்கு யூரியா போட்டார்கள். களைக்கே உரம்! செடி சத்தானது, வண்டு பெருகியது, ஆறு திறந்தது.

இந்தியாவிலும் 1980களில் அதே வண்டு வந்தது. பெங்களூரில் ஓர் அல்லிக் குளத்தில் விட்டார்கள், குளம் தெளிந்தது. கேரளத்து நீர்நிலைகளிலும் விட்டார்கள். பாயல் மூடிக் கிடந்த கால்வாய்களில் மறுபடி வள்ளங்கள் போகத் தொடங்கின.