ஏற்புரைக்கு முன்பே கிளம்பிவிடும் வாசகர்

(ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் இழுத்துக்கொண்டு போன இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். 'நாவலாசிரியரும் வாசகரும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள், வாசலில் பேனரைப் பார்த்தால் 'சமூக ஊடகக் காலத்தில்' என்று கீழே ஒரு வரி சேர்ந்திருக்கிறது. சரி, இரண்டையுமே பேசிவிடலாம்.

முதலில் நம் ஊர்ப் புத்தக வெளியீட்டு விழா. அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள்: வரவேற்புரை, தலைமை, முன்னிலை, வெளியிடுபவர், பெற்றுக்கொள்பவர், வாழ்த்துரைக்கு ஆறு பேர், அதற்கப்புறம் ஏற்புரை, நன்றியுரை. ஆறு மணி என்று போட்டிருப்பார்கள், ஆறே முக்காலுக்கு ஆரம்பிக்கும். ஆளாளுக்குச் சால்வை போட்டு, ஒவ்வொரு சால்வைக்கும் போட்டோ எடுத்து, வாழ்த்த வந்தவர் மேடையில் உட்கார்ந்தபடியே பின்னட்டையைப் படித்து முடித்து, அதையே பதினைந்து நிமிடம் பேசி, நாவல் எழுதிய மனிதர் மைக்கைப் பிடிக்கும்போது மணி ஒன்பது. பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் கடைசி பஸ்ஸுக்கு எழுந்து போயிருப்பார். புத்தகம் வாங்க வந்தவரே அவர் ஒருத்தர்தான்.

யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்குத்தான் வெளியாகிற புத்தகத்தை யார் படித்திருக்க முடியும்? அதனால்தான் புதிதாக எழுதுகிறவர்களிடம் சொல்கிறேன், வெளியீட்டு விழாவுக்கு ஆகிற செலவை எடுத்து வையுங்கள். புத்தகம் வந்து இரண்டு மூன்று மாதம் ஆகட்டும். அப்புறம் இந்த மாதிரி ஒரு நூலகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ இருபது நாற்காலி போட்டு, படித்தவர்களைப் பேசச் சொல்லுங்கள். டீயும் போண்டாவும் போதும். நம் நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது, நூலகரிடம் கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைத்துவிடும்.

அப்படி ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் நாவலில் ஒரு பஸ் கண்டக்டர் இரண்டு பத்தி வந்து போவார், கதைக்கு முக்கியமில்லாத ஆள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார், கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். "தம்பி, சில்லறை இல்லேன்னா டிக்கெட் பின்னாடி பாக்கியை எழுதிக் கொடுப்போம். சிலர் மறந்து இறங்கிப் போயிருவாங்க. பதினோரு ரூபா, பன்னெண்டு ரூபா, பெரிய காசில்ல. ஆனா ராத்திரி படுத்தா அந்த மூஞ்சி வரும்" என்றார். அதோடு விடவில்லை, மறுநாள் அதே வண்டியில் அந்த ஆளைத் தேடுவதும், அவர் வேறு சட்டையில் வந்தால் அடையாளம் தெரியாமல் போவதும் என்று பத்து நிமிடம் பேசினார். கூட்டத்தில் யாருமே போனை எடுக்கவில்லை. நாவலில் இல்லாத ஒரு அத்தியாயத்தை வாசகர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார் என்றால் அதற்கு மேல் எழுதுகிறவனுக்கு என்ன வேண்டும்?

சரி, ஃபேஸ்புக்குக்கு வருவோம். அட்டைப் படத்தைப் போட்டால் முந்நூறு லைக். 'வாழ்த்துகள் தோழர்', 'மகிழ்ச்சி', 'அருமை'. அதற்கடியில் ஒருத்தர் தவறாமல் வருவார்: 'பிடிஎஃப் கிடைக்குமா?' விற்பனைக் கணக்கைப் பதிப்பாளரிடம் கேட்டால் அந்த முந்நூறுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. இதனால் கசந்துபோய்க் கணக்கையே மூடிவிட்ட எழுத்தாளர்களும் உண்டு. எனக்கு அது தேவையில்லை என்று படுகிறது. லைக் போட்டவர் நம்மைத் தெருவில் பார்த்துத் தலையாட்டியவர், அவ்வளவுதான். வீட்டுக்கு வரவில்லையே என்று கோபித்துக்கொள்ள முடியுமா?

இணையத்தை ஒழுங்காகப் பயன்படுத்திய உதாரணம் வேண்டுமென்றால் எழுத்தாளர் ஜெயமோகனைச் சொல்வேன். 2014 ஜனவரியில் தொடங்கி 2020 வரை, மகாபாரதத்தை மறுபடி சொல்கிற அவருடைய 'வெண்முரசு' 26 நாவல்களாகத் தினம் ஒரு அத்தியாயம் என்று இணையத்தில் வந்தது. அந்த எழுத்து பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு பேச்சு, எனக்கே சில இடங்களில் சண்டை உண்டு. நான் கவனித்தது அவருடைய தளத்தில் வருகிற வாசகர் கடிதங்களை. எழுதியவரை மதித்துப் பதில் போகிறது, சில சமயம் கடிதத்தைவிடப் பதில் நீளமாக இருக்கிறது. அவருடைய வாசகர் வட்டத்தினர் விஷ்ணுபுரம் இலக்கிய விருதை 2010இலிருந்து கொடுக்கிறார்கள். கோவையில் நடக்கிற அந்த விழாவில் எழுத்தாளர்களை உட்காரவைத்து வாசகர்கள் நேரடியாகக் கேள்வி கேட்கிற அமர்வுகள் உண்டு. அதாவது, திரையில் படித்தவர் ரயிலேறி வந்து எதிரில் உட்காருகிறார். இணையம் அதுவரை கொண்டுவந்து விட்டால் போதும். எதிர்த் திசையிலும் வேலை நடக்கிறது: ஸ்ருதி டிவிக்காரர்கள் இலக்கியக் கூட்டங்களைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறார்கள், முப்பது பேர் கேட்ட பேச்சு துபாயில் வேலை முடிந்து அறைக்குத் திரும்புகிறவர் காதுக்கும் போகிறது.

இதில் பயப்பட வேண்டிய பக்கமும் இருக்கிறது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010இல் வந்தது. நான்கு வருடம் கழித்து, 2014 கடைசியில்தான் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் கொடுத்தார்கள். 2015 ஜனவரியில் 'எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்' என்று அவர் ஃபேஸ்புக்கில் எழுத வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்த பிறகுதான் மறுபடி எழுத வந்தார். அன்றைக்கு ஜெராக்ஸ் எடுக்கவாவது கடைக்குப் போக வேண்டியிருந்தது, இன்றைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். பக்கம் தனியாகப் போகும், புத்தகம் பின்னால் போகாது. உங்கள் ஊரிலேயே நாவலை முழுசாகப் படித்த இருபது பேர் இருந்தால், 'அந்தப் பக்கத்துக்கு முன்னாடி என்ன இருக்கு தெரியுமா' என்று டீக்கடையில் கேட்கவாவது ஆள் இருக்கும். அதுவே எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இருபது பேரை வாட்ஸாப் குழுவில் சேர்த்துச் சம்பாதிக்க முடியாது, எதிரில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்க வேண்டும்.

புத்தகக் கண்காட்சியைப் பற்றியும் கேட்பீர்கள். அரங்கில் நின்று கையெழுத்துப் போடுங்கள், பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கியவரிடம் நன்றாக இரண்டு வார்த்தை பேசுங்கள், செல்ஃபிக்கும் நில்லுங்கள், தப்பில்லை. அங்கே இருக்கிற நெரிசலில் நீண்ட பேச்சை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நான் உட்கார்ந்துகொள்கிறேன், மைக் அந்தப் பக்கம் போகட்டும். கேட்கிறவர்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். நாவலைத் திட்டுவதாக இருந்தால் எந்தப் பக்கம் என்பதையும் சொல்லிவிட்டால், நானும் புரட்டிக்கொண்டே பதில் சொல்வேன்.