ஒரே கட்டையில் ரைஃபிளும் ஷாட்கன்னும்

நேயர்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் தேசிய சேவையாற்றியவர்களுக்கு எஸ்ஏஆர் 21 ரைஃபிளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், ஒரே சமயத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ரவைகளை, அதாவது சிறு உலோக உருண்டைகளை, சிதறடிக்கும் ஷாட்கன்னை இங்கே கையில் எடுத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இவ்விரண்டின் குழல்களையும் ஒரே கட்டையில் பொருத்தி, முயல், அணில், காட்டுக்கோழி போன்றவற்றை வேட்டையாடப் பயன்படுத்தும் கூட்டுத் துப்பாக்கியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் நடப்பிலுள்ள நம் ஊரில் வேட்டைக்கு இடமில்லை. நான் சொல்லப்போவது அமெரிக்க, ஐரோப்பியக் காடுகளின் கதை.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பணிபுரிந்த காலத்தில், உடன் வேலை பார்த்தவர்களோடு இலையுதிர் காலத்து அணில் வேட்டைக்குச் சென்றிருக்கிறேன். ஆள் அரவம் கேட்டதும் அணில் ஓடுவதில்லை. கிளையோடு கிளையாக ஒட்டிக்கொண்டு, நாற்பது மீட்டர் தொலைவில் காதும் கண்ணும் மட்டும் தெரியும்படி அசையாமல் கிடக்கும். அதற்கு பாயிண்ட் 22, அதாவது 0.22 அங்குல விட்டமுள்ள, ரைஃபிள் குழலின் ஒற்றைக் குண்டே பொருத்தமானது. தலையில் பட்டால் இறைச்சியில் சேதமே இராது. அடுத்த பத்து நிமிடத்தில் காலடியிலிருந்து முயல் ஒன்று பாய்ந்து வளைந்து வளைந்து ஓடினால், அதே ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு குறிபார்ப்பது வீண் வேலை. அங்கே ரவைதான் பேச வேண்டும். எது எதிர்ப்படும் என்று தெரியாமல் நடப்பவருக்காகச் செய்யப்பட்ட துப்பாக்கி இது.

அமெரிக்காவில் இவ்வகையில் பெயர்பெற்றது, 1950இல் அறிமுகமான சாவேஜ் 24. மேலே பாயிண்ட் 22 குழல், கீழே பாயிண்ட் 410 அல்லது 20 கேஜ் குழல். கேஜ் என்பது ஷாட்கன் குழலின் அளவு; எண் குறையக் குறையக் குழல் பெரிதாகும். விசை ஒன்று, தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலான குதிரையும் ஒன்று. எந்தக் குழல் வெடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொத்தான் பழைய துப்பாக்கிகளில் பக்கவாட்டிலும், பின்னர் வந்தவற்றில் குதிரையின் மீதே சிறு நெம்பாகவும் அமைந்திருந்தது. பழகியவர்கள் அதைக் குனிந்து பார்ப்பதில்லை; குதிரையை இழுக்கும்போதே கட்டைவிரல் நுனியால் நெம்பு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தடவி அறிந்துகொள்கிறார்கள்.

எந்தக் குழல் என்ற தேர்வு விலங்கை மட்டும் பொறுத்ததன்று. விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. பாயிண்ட் 22 குண்டின் எடை மூன்று கிராமுக்கும் குறைவுதான் என்றாலும், வானை நோக்கிச் சாய்த்துச் சுட்டால் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அப்பால் சென்று விழக்கூடும். பொடி ரவையோ இருநூற்றைம்பது மீட்டருக்குள் வேகமிழந்து உதிர்ந்துவிடும். காக்கைகளின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த நம் ஊரில் உரிமம் பெற்றவர்கள் பல ஆண்டுகள் ஷாட்கன்னைக் கொண்டு சுட்டதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியிருப்புகள் சூழ்ந்த இடத்தில் அந்த வேலைக்கு ரைஃபிளை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ஆகவே கிளையில் இருக்கும் அணிலுக்குப் பின்னே தடித்த அடிமரம் இல்லாமல் வெறும் வானம் தெரிந்தால், ரவைக் குழலுக்கு மாறுவதே முறை.

பாயிண்ட் 410 குழலின் மீது எனக்கு அத்தனை நம்பிக்கை இல்லை. அதன் சிறிய தோட்டாவில் ஆறாம் எண் அளவுள்ள ரவைகள் ஏறத்தாழ நூற்றுப்பத்துதான் இருக்கும். வழக்கமான 12 கேஜ் தோட்டாவில் இருநூற்றைம்பது வரை இருக்கும். இருபத்தைந்து மீட்டரைத் தாண்டினால் பாயிண்ட் 410இன் ரவைகளுக்கு இடையே ஒரு முயலே நுழைந்து தப்பிவிடலாம். எடை சற்றுக் கூடினாலும் 20 கேஜ் குழல் உள்ளதையே நான் பரிந்துரைப்பேன்.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு குழலிலும் ஒரே ஒரு தோட்டாதான். தவறவிட்டால் மடக்கித் திறந்து மீண்டும் நிரப்புவதற்குள் முயல் வளைக்குள் போயிருக்கும். ரைஃபிளுக்குக் குறிபார்க்கத் துல்லியமான கருவி வேண்டும். ஷாட்கன்னுக்கோ கண் இலக்கின் மீதே இருக்க வேண்டும். தொலைநோக்கியைப் பொருத்தினால் ஓடும் முயல் அதன் வட்டத்துக்குள் அகப்படுவதே இல்லை. இரு குழல்களையும் நெடுகப் பற்றவைத்திருந்தால், ஒன்று சூடேறி நீளும்போது மற்றொன்றையும் வளைத்து, குண்டு படும் இடத்தை மாற்றிவிடும். வேட்டையில் இது பெரிய தொல்லை இல்லை, ஏனெனில் அங்கே சுடுவது எப்போதோ ஒரு முறை. குறி சரிபார்க்கும் திடலில்தான் பொறுமை தேவை: ஒரு முறை சுட்டு, குழல் ஆறும்வரை காத்திருந்து, அதன் பிறகே அடுத்ததைச் சுட வேண்டும்.

ஐரோப்பாவில் இந்தக் கலை இன்னும் பழமையானது. ஆஸ்திரியாவின் ஃபெர்லாக் நகரிலும் ஜெர்மனியின் சூல் நகரிலும் மூன்று, நான்கு குழல்கள் கொண்டவற்றைக்கூடக் கையாலேயே செய்து வந்தார்கள். ஃபின்லாந்தில், மரத்தில் அமர்ந்த பறவையைப் பார்த்து விடாமல் குரைத்து அதன் கவனத்தை இழுத்து வைத்திருக்கும் ஸ்பிட்ஸ் நாயோடு செல்பவர்கள், 12 கேஜும் பாயிண்ட் 222 ரைஃபிளும் சேர்ந்த டிக்கா துப்பாக்கியை விரும்பி வைத்திருந்தார்கள். விண்வெளி வீரர்களுக்கும் இது பயன்பட்டது. 1965இல் வோஸ்கோட் 2 விண்கலம் வழிதவறிப் பனிக்காட்டில் இறங்கியபின், அதில் சென்ற லியோனோவின் அனுபவம் சோவியத் வல்லுநர்களைச் சிந்திக்க வைத்தது. 1986 முதல் ரஷ்ய விண்கலங்களில் சென்ற டிபி 82 என்ற மூன்று குழல் கைத்துப்பாக்கி அதன் விளைவே.

பழைய கூட்டுத் துப்பாக்கியை வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவையை அமெரிக்கா 1991இல் தடைசெய்தது. 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களிலும் அதற்குத் தடை உண்டு. மாற்றாக வந்த எஃகு ரவை ஈயத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது என்பதால், நுனியின் உட்புறம் மிகவும் குறுகலாக்கப்பட்ட பழைய குழல்கள் புடைத்துச் சேதமடையலாம். நல்ல துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் குழல் நுனியை அளந்து காட்டாமல் எஃகு ரவைத் தோட்டாவை அதில் இடக்கூடாது.