ஓடும்போது நின்ற கார், ஆறியதும் தானாக ஸ்டார்ட் ஆகிறதா? அந்த அரை மணி நேரத்தில் இதைப் பாருங்கள்!

கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று இன்ஜின் ஆஃப். உதறல் இல்லை, திணறல் இல்லை, ஸ்விட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. மெக்கானிக்குக்கு போன் போடுகிறீர்கள். அவர் வந்து சேர அரை மணி நேரம் ஆகிறது. வந்தவர் சாவியைத் திருப்புகிறார். முதல் தடவையிலேயே ஸ்டார்ட்! "வண்டி நல்லாத்தானே இருக்கு?" என்று உங்களைப் பார்க்கிறார்.

உங்களுக்கு இது நடந்திருக்கிறதா? அப்படியென்றால் இந்த வீடியோ உங்களுக்காகத்தான். கார் அடம்பிடிக்கிற அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான் பழுது வெளியே தெரியும். ஆறிவிட்டால் சாதாரணச் சோதனையில் சிக்காது. அந்த நேரத்தில் காருக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள் மட்டும்தான், மெக்கானிக் இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் பாதிப் பழுது அங்கேயே பிடிபட்டுவிடும்.

முதலில் பாதுகாப்பு. ஓடும்போது இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் ஒன்றிரண்டு அழுத்தத்துக்கு மேல் கல்லாகிவிடும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டுக் குத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். கார் முழுசாக நிற்கும் வரை சாவியை வெளியே உருவாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, வாகனம் வராத பக்கமாக எல்லோரும் இறங்கிவிடுங்கள்.

சரி, இப்போது சாவியைத் திருப்பலாமா? இரண்டு நிலைமைகளில் திருப்பவே கூடாது, மூன்றாவதில் திருப்பியதும் நிறுத்திவிட வேண்டும்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் போய் நின்றிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காற்று வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், ஈரமாக இருந்தாலே போதும், கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் மலிவான வழி. இரண்டாவது, வெப்ப முள் சிவப்புக்குப் போயிருந்தால் ஆறவிடுங்கள், ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூன்றாவது, செல்ஃப் அடிக்கும்போது சத்தம் வழக்கத்தைவிட வேகமாக, தடங்கலே இல்லாமல் 'விர்ர்ர்' என்று ஓடினால் உடனே நிறுத்திவிடுங்கள். பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. பல இன்ஜின்களில் அதற்கு மேல் சுற்றினால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும்.

இது எதுவும் இல்லையென்றால் ஒரு தடவை திருப்புங்கள். செல்ஃப் சுற்றவே இல்லை, 'டிக் டிக்' என்கிறது, டாஷ்போர்டு விளக்கு மங்குகிறது என்றால் கதை மின்சாரத்தில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த காரில் இப்படி ஆனால் நான் பேட்டரியைவிட, அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். அது செத்துப்போனால் கார் பேட்டரியில் மட்டும் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் பேட்டரியும் காலி. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் பக்கத்தில் இருக்க வேண்டும். வேறு காரிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் ஆகி, கேபிளைக் கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றால் ஆல்டர்னேட்டரைச் சோதியுங்கள், புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. நம் விஷயம் இதுதான்.

[திரையில்: ஆர்பிஎம் மீட்டர், நெருக்கமான காட்சி]

இந்த முள்ளைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று சுற்றும். நிறைய கார்களில் அப்போதே இந்த முள் கொஞ்சம் எழும்பும். உங்கள் காரில் வழக்கமாக எழும்பும் முள், அடம்பிடிக்கிற நேரத்தில் மட்டும் பூஜ்யத்திலேயே படுத்துக்கிடந்தால், இன்ஜின் சுற்றுவது கம்ப்யூட்டருக்குத் தெரியவே இல்லை என்று அர்த்தம். சந்தேகம் நேராக, இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சாருக்குப் போகிறது. சில மாடல்களில் நல்ல நிலையிலும் முள் எழும்பாது, அதனால் கார் ஒழுங்காக இருக்கும் நாளிலேயே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வீடியோவை நிறுத்திவிட்டு இப்போதே போய்ப் பார்த்தாலும் சந்தோஷம்!

இந்தச் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறேன். காரில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் இது. விரல் அளவுதான் இருக்கும், ஆனால் இதன் சொல் இல்லாமல் நிறைய இன்ஜின்களில் ஒரு பொறிகூட விழாது.

பிஸ்டன்கள் சுழற்றும் முக்கியத் தண்டுதான் கிராங்க் ஷாஃப்ட், அதோடு சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. மிகவும் பரவலான வடிவத்தில் அதில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், ஆனால் 58 பல்தான் வெட்டியிருப்பார்கள். இரண்டு பல் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஒரு சீப்பில் இரண்டு பல் உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினாலும் அந்த ஓட்டை வரும் இடம் தெரியும் இல்லையா? கம்ப்யூட்டர் அதையேதான் செய்கிறது. அந்த இடைவெளியை வைத்து முதல் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 2900 பற்கள் சென்சாரைக் கடக்கின்றன. அத்தனையையும் அது எண்ணிக்கொண்டே இருக்கிறது. எண்ணிக்கை நின்றால் இன்ஜின் நின்றுவிட்டதாகக் கம்ப்யூட்டர் முடிவு செய்து, ஸ்பார்க், இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப் மூன்றையும் நிறுத்திவிடுகிறது. உதறல் இல்லாமல் ஸ்விட்ச் அணைத்த மாதிரி கார் நிற்பது இதனால்தான். இன்றைய பல டீசல் கார்களிலும் இந்த சிக்னல் இல்லாவிட்டால் இன்ஜெக்டர் திறக்காது.

சூட்டில் மட்டும் ஏன் மக்கர் செய்கிறது? பழைய வகைச் சென்சாருக்குள் ஒரு காந்தம், அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. வருடக்கணக்கில் சூடும் அதிர்வும் பட்டு அந்தக் கம்பி எங்கோ விரிசல் விடும். சூட்டில் எல்லாம் விரியும்போது விரிசல் பிரிகிறது, சிக்னல் போய்விடுகிறது. ஆறினால் இரண்டு முனையும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கார் 'குணமாகிவிட்டது'!

இதில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, இரண்டையும் நான் மிகவும் ரசிப்பேன். இன்ஜின் நின்றதும் அதைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் ஓட்டமும் நின்றுவிடுகிறது, ஓடும் காரின் காற்றும் இல்லை. ஆகவே நின்ற முதல் சில நிமிடங்களில் இன்ஜின் அறை இன்னும் அதிகமாகச் சூடாகிறது. உடனே திரும்பத் திரும்ப செல்ஃப் அடித்துப் பலன் இல்லாததற்கு இது ஒரு காரணம், பேட்டரி தீர்வதுதான் மிச்சம். இன்னொன்று, இந்த வகைச் சென்சார் தரும் மின்னழுத்தம் வேகத்தைப் பொறுத்தது. வேகமாகச் சுற்றும்போது பலமான சிக்னல், செல்ஃபின் மெதுவான சுற்றில் மிகவும் மெலிந்த சிக்னல். பாதி கெட்ட சென்சார் ஓடுகிற இன்ஜினைச் சமாளித்துவிடும், ஆனால் நின்ற இன்ஜினைக் கிளப்ப அதற்குத் தெம்பு போதாது. பெட்ரோல் போட நிறுத்திய கார் கிளம்ப மறுப்பதும் இப்படித்தான்.

[திரையில்: கியர்பாக்ஸ் ஓரத்தில் சென்சார், அதன் கப்ளர்]

இருக்கும் இடம் பெரும்பாலும் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தருகில், அல்லது முன்பக்கம் கிராங்க் புல்லி ஓரத்தில். மாற்றுவதற்கு முன்னால், வயர் வந்து சொருகும் கப்ளரில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா, வயர் எங்காவது சூட்டில் உருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஹீட் கன் வைத்துச் சென்சாரைச் சூடாக்கிப் பார்த்தால் ஆறிய காரிலும் பழுதை வரவழைக்கலாம். இதைச் செய்யாமல் "ஈசியூ போயிடுச்சு, மாத்திடலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். ஈசியூ என்பது நாம் இவ்வளவு நேரம் பேசிய கம்ப்யூட்டர்தான், அது கெட்டுப்போவது அரிது. அது கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும்.

முள் வழக்கம்போல எழும்புகிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? அப்படியானால் காதைத் தீட்டுங்கள். சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினால், நிறைய பெட்ரோல் கார்களில் பின் சீட்டுக்கு அடியில் ஒன்றிரண்டு நொடி 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். டேங்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப் அது. சத்தம் இல்லையென்றால் ஃப்யூஸ், அப்புறம் ரிலே. ஃப்யூஸ் பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. தேய்ந்த பம்ப் மோட்டாரை, ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டி எழுப்பியதும் உண்டு. வீடு போய்ச் சேர மட்டும் உதவும். 2020ல் டொயோட்டா பல லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்த பம்புக்காகத்தான். டென்ஸோ செய்த பம்புகளில் உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் எரிபொருளை உறிஞ்சி உப்பி, சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்டது. அதே காரணத்துக்காக ஹோண்டாவும் கார்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் காரின் அடையாள எண்ணான, எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க விஐஎன்னைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். இலவசமாகச் செய்து தர வேண்டிய வேலைக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாவிட்டால் இன்ஜினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு: ஸ்டார்ட் ஆகி இரண்டு நொடியில் நின்று, சாவிப் படம் போட்ட விளக்கும் மின்னினால் மாற்றுச் சாவியை முயன்று பாருங்கள்.

இன்ஜின் நின்ற நொடியிலேயே டாஷ்போர்டும் முழுக்க இருண்டுபோனதா? அப்படியானால் இக்னிஷன் ஸ்விட்சையும், பேட்டரி டெர்மினல் இறுக்கத்தையும் பாருங்கள். ஸ்விட்ச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2014ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்விட்சுக்குள் போதிய இறுக்கம் இல்லாமல், கனமான சாவிக்கொத்தின் எடையிலேயே சாவி நழுவி இன்ஜின் நின்றது. கூடவே ஏர்பேக்கும் செயலிழந்தது. 124 உயிரிழப்புகளுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றுப் பணம் கொடுத்தது. திருகுச் சாவி உள்ள கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பெரிய கொத்தைக் கழற்றி, கார் சாவியை மட்டும் தனியாக மாட்டுங்கள்.

இனி மெக்கானிக் வரும் வரைக்கும் செய்ய வேண்டியது: போனை எடுங்கள். செல்ஃப் அடிக்கும்போது டாஷ்போர்டை வீடியோ எடுங்கள், சத்தமும் பதிவாகட்டும். முள் எழும்புகிறதா, எந்த விளக்கு எரிகிறது, பம்ப் சத்தம் கேட்கிறதா எல்லாம் அதில் வந்துவிடும். எத்தனை நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்து முடிக்கும் வரை பேட்டரி டெர்மினலைக் கழற்றாதீர்கள், பல கார்களில் கம்ப்யூட்டர் சேமித்து வைத்த கோடு, அதாவது பழுதைக் குறிக்கும் குறியீடு, அழிந்துவிடும். ஸ்கேனரில் கோடு எதுவும் வராவிட்டாலும் அந்த வீடியோவைக் காட்டுங்கள். கிராங்க் சென்சார் கோடே விடாமல் ஏமாற்றிய வண்டிகள் ஏராளம்.

உங்கள் கார் இப்படி நின்றிருந்தால் மாடல், ஓடிய கிலோமீட்டர், முள் எழும்பியதா இல்லையா, இந்த மூன்றையும் கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.